நடுப்பலகையைத் தாண்டி

பட்டிமேட்டுத் தோட்டத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் என்னை மாமியாரும் எழுப்பியதில்லை, புருஷனும் எழுப்பியதில்லை. அடுத்த வீட்டுச் சோலைமலை அண்ணன்தான் எழுப்பினார். நான் கினிகத்தேனைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். அங்கே இந்தக் குளிர் கிடையாது. இங்கே கம்பளிக்குள் முட்டியும் முகமும் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும் நேரத்தில் லயத்து வீட்டு வரிசையின் கோடியில் தப்பு முழங்கும். அதற்கு மேல் படுத்திருந்தால் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குப் பிந்திவிடுவோம். பிந்தினவர்களுக்கு அன்றைக்கு மலையில் வேலை இல்லை என்று கங்காணி கையை விரித்துவிடுவார். "இந்த ஆளுக்குத் தூக்கமே வராதா?" என்று திட்டிக்கொண்டே எழுவேன்.

தப்படிப்பது லேசான வேலை இல்லை. பனியில் தோல் தொய்ந்துபோகும். சோலைமலை அண்ணன் எல்லோருக்கும் முன்பாக எழுந்து, கவ்வாத்து வெட்டின மலையில் பொறுக்கிய தேயிலை மிலாறுக் குச்சிகளை அடுப்பில் போட்டு, தப்பைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார். விரலால் சுண்டிப் பார்ப்பார். பிறகு தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு லயத்துக் கோடிக்குப் போய் அடிக்க ஆரம்பித்தால் மலை நாலு பக்கமும் திருப்பிச் சொல்லும்.

பெரட்டு அடி முடிந்ததும் கொஞ்சம் நிறுத்துவார். அப்புறம் மெதுவாக, டக்கு டக்கு டும் என்று ஒரு வால் அடி. அது துரைக்கும் இல்லை, கங்காணிக்கும் இல்லை. அவர் மகள் அம்மாக்கண்ணுவை எழுப்புவதற்கு. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரித்துக்கொண்டே எழுந்து உட்காருவது எனக்குக் கேட்கும். எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரையைத் தொடாத சுவர். என் வீட்டில் கருவாடு சுட்டால் அவர்களுக்குப் பசிக்கும். அவர்கள் வீட்டில் யாராவது தும்மினால் நான் நூறு வயசு என்பேன்.

இப்போது அங்கே தப்புக்குப் பதிலாகச் சங்கு ஊதுகிறதாம். ஊதட்டும். சங்குக்கு யார் பேரும் தெரியாது.

சோலைமலை அண்ணன் நல்லவரா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் பதில் சொல்ல வராது. மற்ற நாட்களில் அவரைப் போல ஒரு மனிதரைப் பார்க்க முடியாது. பீலியில் தண்ணீர் பிடிக்கக் கிழவிகள் வந்தால் வரிசையை விட்டுக் கொடுப்பார். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டு லயம் வரைக்கும் போய்க் கொய்யாப்பழம் பறித்துத் தருவார். சம்பள நாள் வந்தால் அதே ஆள் வேறு ஆள். டவுனுக்குப் போய்ச் சாராயத்தை ஊற்றிக்கொண்டு வந்தார் என்றால் பெண்சாதி பேச்சியக்கா உடம்பில் ஏதாவது ஒரு இடம் வீங்காமல் இருக்காது. மறுநாள் அவரே பத்துப் போடுவார்.  வாயாடி என்று பேர் எடுத்த நான்கூட அதைக் கேட்க வாய் திறந்ததில்லை. எந்த வீட்டில்தான் நடக்கவில்லை என்று லயமே இருந்த காலம் அது.

ஒரு சம்பள நாள், அரிசி வாங்கவில்லை என்ற பேச்சில் ஆரம்பித்தது. தப்படிக்கும் இரண்டு குச்சிகளில் கட்டையானதை எடுத்து ஓங்கினார். பேச்சியக்கா தலையைக் காப்பாற்றக் கையைத் தூக்கினாள். முறிந்த சத்தம் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. நான் கையிலிருந்த அகப்பையோடு ஓடினேன். என் புருஷன் சின்னத்தம்பி என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே பாய்ந்து அவரைக் கட்டிப் பிடித்தார். வலது மணிக்கட்டு. கொழுந்து பறிக்கிறவளுக்கு இரண்டு கையும்தானே சொத்து!

அந்தத் தடவை லயம் சும்மா இருக்கவில்லை. சங்கத் தலைவர் அமிர்தநாதன் அண்ணன் வந்தார். சட்டைப்பையில் மாதா படமும், கையில் வெயில் மழை பார்க்காமல் ஒரு கறுப்புக் குடையுமாகத் திரிகிற மனிதர். அவரே பேச்சியக்காவை ஆஸ்பத்திரிக்கும் பொலிசுக்கும் கூட்டிக்கொண்டு போனார். அட்டன் கோட்டில் உத்தரவு வந்தது. சோலைமலை, பேச்சியம்மா இருக்கிற தோட்டத்துக்குள் காலடி வைக்கக்கூடாது, அவளிடமோ பிள்ளையிடமோ போகக்கூடாது, மீறினால் மறியல் வீட்டில் கம்பி எண்ண வேண்டும். துரையும் தன் பங்குக்குப் பத்துச்சீட்டைக் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு அண்ணன் பாலத்தைத் தாண்டிப் போனதை இஸ்தோப்புத் திண்ணையில் நின்று எல்லோரும் பார்த்தோம். 

வெகு தூரம் போய்விடுவார் என்றுதான் நினைத்தோம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் தப்படித்த கிழவர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியிருந்த சமயம் அது. அக்கரைக் கங்காணி கையோடு இவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்.

எங்கள் தோட்டத்தில் தப்புக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, காவல்காரர் இரும்பால் தட்டினார். காதைக் கீறும் சத்தம். முதல் நாள் அதைக் கேட்டு எரிச்சலோடு எழுந்து உட்கார்ந்தேன். அப்போது ஆற்றைத் தாண்டி, காற்றோடு, தப்பு வந்தது. அதே கை. அடித்து முடித்து, கொஞ்சம் நிறுத்தி, டக்கு டக்கு டும்.

"அம்மா! அப்பா எழுப்புது!" என்று சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாக்கண்ணு கத்தினாள்.

 ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருண்டது. கை சரியில்லாதவள், பாவம் என்று நினைத்துக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். அதற்குப் பிறகும் விடிகிற நேரத்தில் அந்த வீட்டில் ஏதாவது ஒன்று விழும். ஒரு நாள் தகரப் பேணி, ஒரு நாள் மூடி.

பேச்சியக்காவுக்குக் கட்டு அவிழ்த்த பிறகும் கை கோணலாகவே நின்றுவிட்டது. கொழுந்துக்குப் போக ஏலாது. மலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவைக் கூட்டித் துடைக்கப் போட்டார்கள், அரைப் பேர் என்று அரை நாள் சம்பளத்துக்கு. ரொட்டி நான்தான் தட்டிக் கொடுப்பேன். மாவு குழைத்து வைத்துவிட்டு, "பூரணி, கோவிச்சுக்காத" என்பாள். கோபம் என்ன கோபம்! கட்டச் சம்பலும் சுடச்சுட ரொட்டியும் வைத்துக்கொண்டு மூன்று பேரும் அடுப்படியில் உட்கார்ந்து தின்ற அந்திகளை நினைத்தால் இப்போதும் நாக்கில் உறைக்கிறது.

சில மாதங்கள் போனதும் சோலைமலை அண்ணன் கோட்டுக்கு மனுப் போட்டார். பெண்சாதியைக் கேட்கவில்லை, மகளைப் பார்க்க வேண்டும் என்று மட்டும். நீதவான் சம்மதித்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு தோட்டத்துக்கும் நடுவிலிருக்கும் பாலத்தில், தலைவர் முன்னிலையில் பார்க்கலாம். வழக்கு முடிகிற வரைக்கும் பிள்ளையை வேறு ஊருக்குக் கொண்டு போவதென்றால் தாய் கோட்டில் கேட்டுத்தான் கொண்டு போக வேண்டும்.

அந்தப் பாலத்தின் நடுவில் ஒரு பலகை மட்டும் புதிது. பழையது உக்கிப்போய் மாற்றியது. அதுதான் எல்லை என்று அமிர்தநாதன் அண்ணன் தீர்ப்புச் சொன்னார். முதல் ஞாயிறு நல்ல ஆனி மாத மழை. அம்மாக்கண்ணுவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தலைவர் பாலத்துக் கட்டையில் குடையோடு உட்கார்ந்திருந்தார். சோலைமலை அண்ணன் நடுப்பலகைக்கு அந்தப் பக்கம், சட்டைக்குள் ஒரு பொட்டலத்தை நனையாமல் பொத்திக்கொண்டு, தொப்பலாக நின்றார். முகம் வற்றிப்போயிருந்தது.

"அண்ணே, நனையுறீங்களே. இந்தப் பக்கம் குடைக்குள்ள வாங்க" என்றேன். மனசு கேட்கவில்லை.

"வேணாம் தங்கச்சி. பலகைக்கு அந்தப்பக்கம் வரக்கூடாதுன்னு உத்தரவு."

"ரெண்டெட்டு வந்தா ஒண்ணும் ஆயிராது சோலமல. சாட்சியே நான்தானே?" என்றார் தலைவர்.

"வேணாம் தலைவரே. நீங்க என்னய நம்புறீங்க. நான் இன்னும் என்னய நம்பல."

அம்மாக்கண்ணு என் கையை உதறிவிட்டுப் பலகையைத் தாண்டி ஓடினாள். அவர் குந்தி உட்கார்ந்து அவளைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார். பொட்டலத்தில் இனிப்புப் பணிஸ் ரொட்டி. அவள் தின்னத் தின்ன வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அம்மா கை எப்புடிம்மா இருக்கு?"

"ரொட்டி தட்ட ஏலாது. பூரணிச் சித்திதான் தட்டுவாங்க. எனக்குத் தல பின்னவும் ஏலாது."

 அவள் தலையை அவிழ்த்து, தன் முரட்டு விரல்களால் பின்னிவிட்டார். கோணல்மாணலாக இருந்தது. அதை இரண்டு நாள் அவிழ்க்க விடாமல் அந்தப் பிள்ளை அடம்பிடித்தது. அப்புறம் இரண்டு பேரும் பாலத்துப் பலகையில் விரலால் தட்டி விளையாடினார்கள். வால் அடியை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். திரும்பிப் பார்த்தேன். மேலே ரோட்டு வளைவில், கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு பேச்சியக்கா நின்றாள்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிறு தவறியதில்லை. அண்ணன் குடியை விட்டார். அக்கரையில் சம்பள நாளன்று அவர் கோயிலடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று கொழுந்து மலையில் பேசிக்கொண்டார்கள். நடுப்பலகையை ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. லயம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் பக்கம் சாய்ந்தது. "இவளுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்று பீலிக்கரையில் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். நான் அவர்களோடு சண்டைக்குப் போனேன். ஆனாலும் உள்ளுக்குள் எனக்கும் அதே நினைப்புத்தான்.

அந்த நேரம் பார்த்து ராகலையிலிருந்து பேச்சியக்காவின் அண்ணன் பழனியாண்டி வந்து இறங்கினார். சாக்கு நிறைய லீக்சும் கரட்டும் உருளைக்கிழங்கும். மெதுவாகப் பேசவே தெரியாத மனிதர். இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசினால் மேட்டு லயத்துக்குக் கேட்கும். சாயத் தண்ணியும் சர்க்கரைத் துண்டும் கொடுத்து உட்கார வைத்தோம். தலைவரும் வந்தார், என் புருஷனும் வந்தார், பக்கத்துக் காம்பராப் பெண்களும் ஆளுக்கொரு சாக்கு வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

"மச்சான் திருந்திட்டாரு, மச்சான் திருந்திட்டாருன்னு வர்ற வழியெல்லாம் இதே பாட்டு" என்றார் பழனியாண்டி. "திருந்துனவரு அக்கரையிலயே நல்லா இருக்கட்டும். நீ கெளம்பு பேச்சி. ராகலையில எங்க கணக்கப்புள்ளகிட்டப் பேசிட்டேன். புள்ளக்காம்பராவுல ஆயா வேல. முழுப் பேரு போடுவாங்க. எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே காம்பரா."

பேச்சியக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "போறேண்ணே" என்றாள் உடனே.

 தலைவர் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "நில்லும்மா. கோட்டுல கேக்காம புள்ளயக் கொண்டு போனா வெனையாப் போயிரும். அப்பன்கிட்டயே புள்ளயக் குடுத்துருன்னு சொன்னாலும் சொல்லிருவாங்க. சட்டத்துல மொத உரிம அப்பனுக்குத்தான்" என்றார்.

"கைய ஒடச்சவருக்கா மொத உரிம?"

"நானா எழுதுனேன் சட்டத்த? இருக்கிறதச் சொல்றேன்."

"அதெல்லாம் விசாரிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்" என்று பழனியாண்டி தொடையைத் தட்டினார். "நுவரெலியாவுல வழக்குப் பேசுற பெரக்கிராசி ஒருத்தரப் பாத்தேன். அவரு கேட்ட மொதக் கேள்வி, கல்யாணம் எழுதியிருக்கான்னு. எங்க எழுதுனோம் சாமி, கோயில்ல தாலி கட்டுனதோட சரின்னேன். சிரிச்சாரு. அப்ப சட்டத்துல அது கல்யாணமே இல்லையாம். புள்ள தாய்க்கு மட்டுந்தானாம். கோட்டுல நின்னு, இந்த ஆளு என் புருசன் இல்லன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிரு. மறுநாளே ராகலைக்குப் பஸ் ஏறிறலாம்."

 பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த லயத்தில் எழுதிக் கல்யாணம் செய்தவர் யார்? பந்தல் போட்டோம், ஆடு வெட்டினோம், தோட்டமே சாப்பிட்டது. அதற்கு மேல் எழுத்து எதற்கு என்று இருந்துவிட்டோம். என் கையும் தானாகப் போய்த் தாலியைத் தொட்டது.

"அப்ப எனக்கும் கல்யாணம் ஆகலையா? இனிமேத்தான் பொண்ணு பாக்கணுமா?" என்றார் என் புருஷன், பல்லைக் காட்டிக்கொண்டு.

"தாராளமாப் பாருங்க. ராச்சோத்தையும் அங்கயே முடிச்சிட்டு வாங்க" என்றேன்.

"எனக்கு மாதா கோயில்ல சாமியார் முன்னால எழுதியிருக்கு. நான் தப்பிக்க ஏலாது" என்று தலைவர் பெருமூச்சு விட, எல்லோரும் சிரித்தோம். பேச்சியக்கா சிரிக்கவில்லை.

"அண்ணே, என் கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு மால போட்டது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான் போட்டேன். அதுக்கென்ன இப்ப?"

"அந்த மாலைய இல்லன்னு சொல்லச் சொல்றீங்க. நான் சொல்லிருவேன். அப்ப இந்தப் புள்ள யாரு? நாளைக்கு இவளக் கேட்டு ஒருத்தன் வந்து, அப்பன் யாருன்னு கேட்டா, ஒங்காத்தா கோட்டுல ஏறி இல்லன்னவதானேன்னு இந்த லயமே சொல்லும். அந்த மனுசன் என் கையத்தான் ஒடச்சாரு. இவ பேர நான் ஒடைக்கவா?"

"அப்ப வேற என்ன காரணஞ் சொல்லுவ?" பழனியாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் வரல, குடிக்கல, பாலத்தத் தாண்டல. பொறகு ஏன் போறேன்னு கேப்பாங்கல்ல?"

அவள் கோணல் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டாள்.

மறுநாள் மலையிலிருந்து என் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கப் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கி வந்தேன். தொட்டில்களில் பிள்ளைகள் தூங்கின. பேச்சியக்கா இடது கையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அண்ணன் மாறித்தான் போயிட்டாரு. பாலத்துக்கு இந்தப் பக்கம் கால் வெரலக்கூட வைக்கல. அந்தப் புள்ளயும் மாசம் பூரா ஞாயித்துக்கெழமைக்காகத்தான் கெடக்கு. ரெண்டு பேரையும் பிரிச்சுக் கூட்டிட்டுப் போகணுமா?"

அவள் துணியைப் பிழிந்து போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவரு வரலதான் பூரணி. அந்தச் சத்தம் வருதே."

"எந்தச் சத்தம்?"

"பெரட்டு அடிச்சு முடிச்சிட்டு, கடைசியா அடிப்பாரே."

"ஐயோ அக்கா, அது அம்மாக்கண்ண எழுப்ப அடிக்கிறது. அதக் கேக்கலன்னா எனக்கே விடிஞ்ச மாதிரி இருக்காது."

"ஒனக்கு அப்புடி. லயத்துக்கே அப்புடித்தான். சம்பள நாள்ல டவுன்லருந்து வந்து கதவுல எதால தட்டுவாரு தெரியுமா? அதே கட்டக் குச்சியால. அதே அடி. அப்பா வந்திருக்கேன்னு மகளுக்குச் சொல்றாராம். நேரா விழுந்தாப் பயமில்ல. இழுத்து இழுத்து விழுந்துச்சுன்னா, அருவாமனைய அடுப்புக்குப் பின்னால ஒளிச்சு வச்சிட்டு, சித்திகிட்ட உப்பு வாங்கிட்டு வான்னு புள்ளய ஒங்க வீட்டுக்கு அனுப்பிருவேன்."

 உப்பு! சம்பள நாள் தவறாமல் அந்தப் பிள்ளை சிரட்டையோடு வந்து என் அடுப்படியில் நிற்கும். சம்பளம் வாங்கின அன்றைக்கு உப்பு வாங்கத் தோன்றாத பொம்பளையும் உண்டா என்று நான் சிரித்திருக்கிறேன்.

"இப்ப அக்கரையிலருந்து கேக்குது" என்றாள் பேச்சியக்கா. "ஆறு தாண்டி அடிக்கிறாரு, வரமாட்டாருன்னு தெரியும். ஆனா அந்த அடி விழுந்ததும் என் கை தானா தலைக்கு மேல போயிருது. கையில இருந்தது கீழ விழுந்துருது. நான் என்ன பண்ணட்டும் சொல்லு."

விடிகாலையில் உருண்ட பேணியும் மூடியும் எனக்கு அப்போதுதான் விளங்கின. குழந்தை பால் குடித்து முடித்துத் தூங்கியே போனது. நான் மலைக்கு ஏற மறந்து உட்கார்ந்திருந்தேன்.

அட்டன் கோட்டுக்கு எல்லோரும் ஒன்றாகத்தான் போனோம். நீதவான் நரைத்த தலையோடு, சளிப் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த சிங்களத்துப் பெரியவர். அவர் இங்கிலீசில் கேட்பதைக் கோட்டு முதலியார் தமிழில் சொல்வார். சோலைமலை அண்ணன் துவைத்த வேட்டியும் பழைய கோட்டும் போட்டுக்கொண்டு கையைக் கட்டி நின்றார். மகளைத் தூரமாகக் கொண்டு போகக்கூடாது என்பதுதான் அவர் கேட்டது. பாலத்தில் பார்க்கிற அந்த ஒரு நாளையும் பறித்துவிடாதீர்கள் என்றார்.

பழனியாண்டி பிடித்து வந்த பிரக்கிராசி எழுந்தார். "இவர் உனக்குச் சட்டப்படி புருஷனா?" என்று பேச்சியக்காவைப் பார்த்துக் கேட்டார். எனக்குப் பக்கத்தில் பழனியாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"புருசன்தாங்க" என்றாள்.

பிரக்கிராசி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பழனியாண்டி தலையில் அடித்துக்கொண்டார்.

நீதவான் கேட்டார். எதிரி உத்தரவை மீறினாரா? இல்லைங்க. வீட்டுக்கு வந்தாரா? இல்லைங்க. ஆள் விட்டாரா? இல்லைங்க. பிறகு எதற்காகப் பிள்ளையைத் தூரத்துக்குக் கொண்டு போகிறாய்?

பேச்சியக்கா கூண்டைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, அவரு விடியக்காலையில தப்படிக்கிறது எங்க வீட்டுக்குக் கேக்குதுங்க" என்றாள்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். முதலியாரும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இங்கிலீசில் சொன்னார். நீதவான் சிரிக்கவில்லை. சிரித்த பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேலே சொல்லு என்று கையைக் காட்டினார். அவள் சொன்னாள். கதவில் விழுகிற அடி, அரிவாள்மனை, உப்பு, கையிலிருந்து விழுகிற பாத்திரம் எல்லாம். எனக்குச் சொன்ன மாதிரியே, அழாமல். அந்தக் கையைக் காட்டச் சொன்னார் நீதவான். அவள் தூக்கிக் காட்டினாள். 

நான் சோலைமலை அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தமே இல்லாத முகம்.

"சாமி, எனக்குத் தெரியாதுங்க" என்றார். "புள்ளய எழுப்புறேன்னுதான் நெனச்சேன். நாளையிலருந்து அடிக்கல. தப்பக் கையாலயே தொட மாட்டேன். ஆத்துல போட்டுர்றேன். புள்ளய மட்டும் தூரத்துக்கு அனுப்பாதீங்க சாமி."

பேச்சியக்கா திரும்பினாள். கை முறிந்த நாளுக்குப் பிறகு அவரிடம் அவள் நேராகப் பேசியது அப்போதுதான்.

"வேணாங்க. அது ஒங்க சோறு. நீங்க அடிங்க. நான் கேக்காத எடத்துக்குப் போயிர்றேன்."

நீதவான் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு, உனக்குச் சம்மதமா என்று சோலைமலை அண்ணனைக் கேட்டார். சம்மதமில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சட்டம் அவர் பக்கம் இருந்தது. பேச்சியக்காவே அதை அவர் கையில் எடுத்துக் கொடுத்திருந்தாள்.  அவள் கையைப் பார்த்தார்.

"கொண்டு போகட்டுங்க" என்றார்.

பிள்ளை தாயோடு ராகலையில் இருக்க வேண்டும், சோலைமலை ராகலைப் பக்கம் போகக்கூடாது, மாதத்துக்கு ஒரு முறை நானுஓயா ரயில் நிலையத்தில் மகளைப் பார்க்கலாம் என்று தீர்ப்பு. அது இரண்டு பேருக்கும் நடுவழி. வெளியே வந்ததும் அமிர்தநாதன் அண்ணன் மழை இல்லாமலே குடையை விரித்து, அதற்குள் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார்.

அவர்கள் புறப்பட்ட அன்றைக்கு நான் தண்டவாளச் சத்தத்துக்கு முன்பே விழித்துக் கிடந்தேன். அக்கரையில் பெரட்டுத் தப்பு முழங்கியது. முடிந்தது. நான் மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். ஆற்றுச் சத்தம் மட்டும்தான் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாக்கண்ணு, "அம்மா, அப்பா என்னய எழுப்பலையே" என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் எந்தப் பாத்திரமும் விழவில்லை. நான் கம்பளியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது.

தகரப்பெட்டியைப் பழனியாண்டி தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். நான் தட்டிக் கொடுத்த ரொட்டிப் பொட்டலம் பேச்சியக்காவின் இடது கையில். பாலத்தடிக்கு வந்ததும் அந்தப் பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தது. அக்கரையில் யாரும் நிற்கவில்லை.

அதற்குப் பின் நாளாகி, என் மகனுக்குக் காது வைத்தியம் பார்க்க நுவரெலியாவுக்குப் போய்விட்டு, நானுஓயா நிலையத்தில் ரயிலுக்கு நின்றேன். ஒரே பனி. வடைக்காரனின் கூடையிலிருந்து ஆவி பறந்தது. மேடைக் கோடியில், மணி தொங்குகிற தூணுக்குப் பக்கத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு ஒரு பெண் நின்றாள். சதை போட்டு, முகம் தெளிந்து, பேச்சியக்கா! கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் இந்தப் பக்கத்துப் பெஞ்சு கண்ணில் பட்டது.

சோலைமலை அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் அம்மாக்கண்ணு, வளர்ந்து, இரட்டைப் பின்னலும் ரிப்பனுமாக. அவர் வாங்கி வந்த பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பாலத்தில் பார்த்த மாதிரியே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டேன்.

பேச்சு நடுவில் நின்றது. அந்தப் பிள்ளை ஏதோ நினைவாக, டின் மூடியில் விரலால் தட்ட ஆரம்பித்தது. டக்கு. டக்கு.

மூன்றாவது அடி விழுவதற்குள் அவர் கை நீண்டு வந்து அவள் விரல்களை மெல்லப் பொத்தியது. மேடைக் கோடியை ஒரு முறை பார்த்துவிட்டு, அவள் காதுக்குக் குனிந்தார்.

"வேணாம் கண்ணு. அம்மாவுக்குக் கேக்கும்."